அணில் குஞ்சு கையில் கிடைத்தால் முதலில் பாலைத் தேடாதீர்கள்

கச்சான் காற்று மூர்க்கமாக வீசுகிற நாட்களில் திருகோணமலையின் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்துத் தென்னைகளின் அடியில் அணில் கூடுகள் விழுந்து கிடக்கும். தேங்காய் பறிக்கிறவர் காய்ந்த பன்னாடையை இழுக்கும்போதும், மாரிக்கு முன் ஓடு மாற்றும்போதும் இதுதான் நடக்கிறது. தும்பும் பஞ்சும் கந்தல் நூலும் சேர்த்துக் கட்டிய கூட்டுக்குள் இரண்டு மூன்று குஞ்சுகள் இருக்கும். இரக்கப்பட்டு எடுத்து வந்து, பசுப்பாலைக் காய்ச்சி, பஞ்சில் நனைத்து வாயில் பிழிகிறார்கள். இரண்டாம் நாள் வயிறு ஊதியோ மூச்சு இழுத்தோ குஞ்சு செத்துப்போகிறது. விழுந்த அடிதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் காரணம் அந்தப் பால்தான். குளிர்ந்திருந்த உடம்புக்குள் அது போனதும், போன விதமும்தான்.

தாயை மறந்துவிடுவது

காயமில்லாத, சூடான, கத்திக்கொண்டிருக்கிற குஞ்சுக்கு உங்கள் வீடு தேவையில்லை. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. தாயணில் குஞ்சைத் தேடி வரும். ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு கூட்டுக்குக் கொண்டுபோகும். அதற்கு நாம் இடம் கொடுப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. குஞ்சைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிறார்கள், நாய் நிற்கிறது, தாய் பக்கத்து மரத்தில் இருந்து வாலை அடித்துக் கத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு சிறிய ஓலைப்பெட்டியிலோ, தேங்காய்ப் பொச்சுப் பாதியிலோ விழுந்த கூட்டின் தும்பையே போட்டுக் குஞ்சை வையுங்கள். அதே மரத்தில், ஆள் உயரத்துக்கு மேல், வெயில் நேரே விழாத பக்கத்தில் கட்டுங்கள். தாய் உள்ளே இறங்க வேண்டும் என்பதால் மேலே மூடக்கூடாது. பூனையையும் நாயையும் கட்டிவிட்டு, தூரத்தில் யன்னலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். காகம் வந்தால் விரட்ட ஒருவர் வேண்டும். அணில் பகலில் நடமாடும் பிராணி. அதனால் பொழுது படும்வரைதான் காத்திருக்க முடியும். தாய் வராவிட்டால் இரவு உள்ளே எடுத்துச் சூடாக வைத்து, விடியற்காலை மறுபடி அதே இடத்தில் வையுங்கள். தாய் செத்துக் கிடப்பதைக் கண்டால், அல்லது குஞ்சுக்குக் காயம், எறும்பு, ஈ முட்டை, பூனைக் கடி ஏதாவது இருந்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு வேண்டாம்.

சூட்டுக்கு முன் பால்

குளிர்ந்த குஞ்சின் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் புளித்து வாயுவாகி வயிற்றை ஊத வைக்கும். எனவே முதல் வேலை சூடு. இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்திருந்தாலே போதும், மெதுவாக ஏறும். பிறகு ஒரு சப்பாத்துப் பெட்டியில் பழைய பருத்திச் சாரத்துண்டை விரித்து, வெந்நீர் நிரப்பிய சோடாப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மற்றப் பாதி சூடில்லாமல் இருக்கட்டும். சூடு கூடினால் குஞ்சு நகர்ந்துபோக இடம் வேண்டும். போத்தல் ஆறினால் அதுவே குஞ்சின் சூட்டை உறிஞ்சும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை தொட்டுப் பாருங்கள். துவாய் விரிக்காதீர்கள். அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டி விரல் முறியும். மின்குமிழை நேரே மேலே தொங்கவிடுவதும் தவறு, உடம்பு காய்ந்துபோகும். இங்கே வைகாசி, ஆனி மாதங்களின் மத்தியானத்தில் உரோமம் முளைத்த குஞ்சுக்குப் போத்தலே தேவைப்படாது. கைகால் பரப்பிப் படுத்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

சூடேறிய பிறகும் உடனே பால் இல்லை. தோள்களுக்கிடையே தோலை மெதுவாகக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் மடிப்பாக நின்றால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. பாமசியில் கிடைக்கும் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரிலேயே கரைத்து, இளஞ்சூடாக, முதல் இரண்டு மூன்று தடவை அதை மட்டும் கொடுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளில் இருந்து வெளிறிய பிறகு பாலுக்கு மாறலாம்.

பாலும் சிறிஞ்சும்

அணிற்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலைவிட மிக அதிகம், சீனி குறைவு. பசுப்பால், மனிதக் குழந்தைப் பால்மா, ரின்பால் எல்லாம் வயிற்றோட்டத்தில்தான் முடியும். இந்த எடையில் ஒரு நாள் வயிற்றோட்டமே உயிரைக் கொண்டுபோகப் போதும். மிருக மருந்துக் கடையில் நாய்க்குட்டிக்கான பால்மா கேளுங்கள். அது கிடைக்கும்வரை காய்ச்சிய ஆட்டுப்பாலை ஜீவனித் தண்ணீரோடு சேர்த்து ஓரிரு நாள் சமாளிக்கலாம். சீனி, தேன் வேண்டாம். முதல் நாள் பாலில் பாதிக்கு ஜீவனித் தண்ணீர் கலந்து, அடுத்த நாளில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தடிப்பாக்குங்கள். கரைத்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒருமுறை சூடாக்கி மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

அளவைக் கண்மதிப்பில் கொடுக்கக்கூடாது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு உடல் எடையின் 5 வீதம்: 20 கிராம் குஞ்சுக்கு 1 மில்லிலீற்றர், 30 கிராமுக்கு 1.5. உரோமமில்லாத சிவப்புக் குஞ்சுக்கு இரண்டு மணி நேரத்துக்கொருமுறை, இரவிலும் ஒன்றிரண்டு தடவை. கோடு தெரிந்து கண் திறக்காத குஞ்சுக்கு மூன்று மணி. கண் திறந்த பிறகு நான்கு, ஐந்து மணிக்கொருமுறை.

பஞ்சு, கரண்டி, சொட்டுக்குப்பி மூன்றும் ஆபத்து. ஊசி கழற்றிய 1 மில்லிலீற்றர் சிறிஞ்சுதான் சரியான கருவி. குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுப்பதே இங்கே அதிகம் நடக்கும் தவறு, பால் நேரே நுரையீரலுக்குப் போகும். குஞ்சு வயிறு கீழே இருக்க, தலை சற்று உயர்ந்திருக்க, கையில் துணியோடு பிடியுங்கள். வாயோரத்தில் ஒரு துளி வைத்து, அது நக்கிய பிறகே அடுத்த துளி. பசியில் சிறிஞ்சைப் பிடித்து இழுத்துக் குடிக்கும். வேகத்தை நீங்கள்தான் அடக்க வேண்டும். மூக்கால் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்து, மூக்கைத் துடைத்து, மூச்சு சீராகும்வரை விடுங்கள். அதன் பிறகு மூச்சில் ‘கிளிக்’ என்ற சத்தம் கேட்டால், வாய் திறந்து மூச்சு விட்டால், அது நிமோனியாவின் தொடக்கமாக இருக்கலாம். அன்றே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

கண் திறக்காத குஞ்சு தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கித்தான் அது நடக்கும். இதை அறியாமல் நன்றாகப் பால் கொடுத்தே குஞ்சை இழந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் பாலுக்கு முன்னும் பின்னும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தட்டுங்கள்.

காயங்கள்

பூனை வாயில் இருந்து மீட்ட குஞ்சில் இரத்தமே தெரியாமல் இருக்கலாம். கடியோடு போகும் பக்றீரியா ஓரிரு நாளில் கொன்றுவிடும். கடித்த 24 மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்க வேண்டும், அதன் அளவை மிருக வைத்தியர்தான் சொல்லலாம். வீட்டுப் பனடோலை உடைத்துக் கொடுக்காதீர்கள். காயத்தில் மஞ்சள்தூள், மண்ணெண்ணெய், டெற்றோல் எதுவும் வேண்டாம். மஞ்சள் கட்டியாகி உள்ளே சீழை மூடும், மற்ற இரண்டையும் குஞ்சு நக்கி விழுங்கும். அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கழுவினால் போதும். ஈ முட்டை வெள்ளைத் துகளாக ஒட்டியிருக்கும். காது, மூக்கு, கால் இடுக்கு எல்லாம் பார்த்துப் பழைய பல் தூரிகையால் எடுத்துவிடுங்கள், வெயில் காலத்தில் ஒரே நாளில் புழுவாகிவிடும். முறிந்த காலுக்கு நீங்களே ஈர்க்குக் கட்டாதீர்கள், கட்டு இறுகிக் கால் அழுகும்.

வளர்ந்த அணில் எலும்பு தெரியக் கடிக்கும், தடித்த துணி போட்டுப் பிடியுங்கள். அணிலால் விசர் நோய் வருவது மிக மிக அரிது. ஆனாலும் கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, வைத்தியசாலையில் காட்டுங்கள். அணிலை என்ன செய்வதென்று தெரியாவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பிஸ்கற்றும் பாசமும்

கண் திறந்து பல் முளைத்ததும் பிஸ்கற், பாண், சோறு, உப்புக் கச்சான் என்று கொடுக்கத் தொடங்குகிறார்கள். கல்சியம் குறைந்து சில கிழமைகளில் பின்னங்கால்கள் இழுபடும். கொய்யா, முருங்கை இலை, பட்டையோடு பிஞ்சுக் கிளை, கறையான், சிறிது தேங்காய்ச் சொட்டு கொடுங்கள். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, காயவைத்துக் கூட்டில் கட்டிவிட்டால் கல்சியமும் சேரும், பல்லும் தேயும். காலை இளவெயிலும் வேண்டும்.

கண் திறந்த நாளில் இருந்து கையில் வைத்து விளையாடுவதைக் குறையுங்கள். வீட்டுப் பூனையோடு பழகியதைப் படம் பிடித்து மகிழ்கிறவர்கள், வெளியே போனதும் அது முதல் பூனையிடமே ஓடும் என்பதை நினைப்பதில்லை. இரண்டு குஞ்சு இருந்தால் பிரிக்காதீர்கள்.

விடும் நாள்

சுமார் 10 கிழமை ஆகி, பால் மறந்து, கொட்டை உடைத்து, தானே தும்பு இழுத்துக் கூடு கட்டி, ஆளைக் கண்டால் ஒளிகிற அணில்தான் விடத் தயாரானது. காடு நல்லது என்று கன்னியாப் பக்கம் கொண்டுபோய் விடுவதும், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரட்றிக் கோட்டைக்குள் விட்டுவிட்டு வருவதும் அதற்குச் சாவு. தெரியாத மரம், தெரியாத அணில்கள், குரங்கு, மறைய இடமில்லை. எடுத்த வளவிலேயே விடுங்கள்.

அரை அங்குலக் கம்பி வலை அடித்த, மூன்று அடி உயரக் கூட்டை மர நிழலில் தொங்கவிடுங்கள். சாரைப்பாம்பும் எலியும் நுழையாத இடைவெளி அதுதான். தொங்கும் கம்பியில் கிறீஸ் பூசினால் எறும்பு இறங்காது. உள்ளே பொச்சும் பன்னாடையும் வையுங்கள். பத்து நாள் அந்த மரத்தின் சத்தமும் மற்ற அணில்களும் பழகட்டும். பிறகு மழையும் பெருங்காற்றும் இல்லாத ஒரு காலையில், உணவு வைத்துவிட்டுக் கதவைத் திறந்து விலகிப் போங்கள். பிடித்து வெளியே எடுக்க வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரையான அடைமழையில் தயாரான அணிலைக்கூட நிறுத்தி வையுங்கள். கதவு இரண்டு கிழமை திறந்தே இருக்கட்டும், உணவும் அதே நேரத்துக்கு வைக்கப்படட்டும். முதல் நாட்களில் அது இரவுக்குத் திரும்பி வரும். பிறகு ஒரு நாள் உணவு அப்படியே கிடக்கும். அதற்கும் மூன்று நாள் கழித்துக் கூட்டை இறக்கலாம்.