தலைவலிக்கு முன்னால் கை தளர்ந்தால்

செந்தூலில் எங்கள் வீட்டுச் சமையலறை. மைலோ குவளையைப் பிடித்திருந்த மகளின் வலது கை மெல்லத் தளர்ந்தது. "அம்மா, கை என்னோடது மாதிரி இல்லம்மா" என்றாள், நாக்கு குழறியது. தலைவலி அதற்குப் பிறகுதான் வந்தது.

இதன் பெயர் ஹெமிப்ளீஜிக் மைக்ரேன், ஒற்றைத் தலைவலியில் ஒரு வகை. ஒரு பக்கக் கை கால் பலமிழக்கும். பார்வையில் மினுக்கம், மரமரப்பு, பேச்சுத் தடுமாற்றமும் சேரும். பலவீனம் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் நீங்கிவிடும்.

ஆனால் பக்கவாதமும் இப்படித்தான் காட்டும். முதல் தடவை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே 999-ஐ அழையுங்கள். பக்கவாதம் இல்லை என்று டாக்டர் உறுதிசெய்த பிறகே மைக்ரேன் பேச்சு. பிறகும், வழக்கத்துக்கு மாறாக வந்தாலோ, காய்ச்சல், வலிப்பு, நினைவுத் தடுமாற்றம் சேர்ந்தாலோ மருத்துவமனைதான்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எங்களுடையது குளிர்சாதனப் பெட்டி மேல் இருக்கிறது: "7.10 விரல் நுனி, 7.25 முழங்கை, 7.40 பேச்சு." பக்கவாதம் பெரும்பாலும் திடீரென்று தாக்கும், மைக்ரேன் இப்படிப் படிப்படியாக ஏறும். நரம்பியல் டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான். அடுத்து, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். பெற்றோரில் ஒருவருக்கு இதன் மரபணு மாற்றம் இருந்தால் அந்த மாற்றம் பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சாதாரண மைக்ரேனுக்குக் கொடுக்கும் சுமாட்ரிப்டான் போன்ற மாத்திரைகளை இந்த வகைக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. மருந்துக்கடையில் வெறும் 'மைக்ரேன்' என்று சொல்லாமல் முழுப் பெயரையும் சொல்லுங்கள். தடுப்புக்கு வெராபமில், ஃப்ளுனாரிசின் உண்டு. அளவை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். மகளுக்குத் தூக்கம் கெட்டால் வருகிறது. தலையில் லேசாக அடிபட்டாலும் வரலாம், அதனால் வலைப்பந்துப் பயிற்சியாளரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.