முன் சக்கரத்தில் ‘டக் டக்’ சத்தமா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதைப் பாருங்கள்

போன பங்குனியில் திருவாரூரிலிருந்து மன்னார்குடிக்குக் காரில் போகும்போது ரோடு முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். நம் பக்கம் இது வழக்கம்தான், வண்டிகள் ஏறிப் போனால் நெற்று உடைந்து உளுந்து பிரியும். நானும் ஏறித்தான் போனேன், வீட்டுக்கு வந்து குனிந்து பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து, தெருமுனையில் திருப்பும்போது முன் சக்கரத்தில் டக் டக் டக் என்று சத்தம். ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று இரண்டையும் மாற்றினார்கள், பணம் போனதுதான் மிச்சம், சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் சக்கரத்தைக் கழற்றினால், உளுந்துக் கொடி ஆக்ஸிலில் கயிறு மாதிரி இறுகச் சுற்றி ஆக்ஸில் மூட்டைக் கிரீஸோடு மூடியிருக்கும் ரப்பர் உறையையே (‘பூட்’ என்பார்கள்) அறுத்திருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய கறுப்பு கிரீஸ் ரிம்மின் உட்பக்கம் தெறித்து, மணலோடு சேர்ந்து அப்பியிருந்தது.

அதிலிருந்து நான் செய்வது ஒன்றுதான். சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் பிடிப்பேன். திரும்பும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா, பிரேக் போடும்போதா, கியர் மாற்றும்போதா? இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதற்கும் முன்னால் வீல் நட்டைப் பாருங்கள். வழியில் பஞ்சர் போட்டிருந்தால் கட்டாயம் பாருங்கள். லூசான நட்டும் டக் டக் என்றுதான் சத்தம் போடும், அப்படியே ஓட்டினால் சக்கரமே கழன்றுவிடும். டிக்கியில் ஜாக்கி உருள்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் காலியான ஒரு இடம் வேண்டும். அறுவடை இல்லாத நாளில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இதற்கு அருமையான இடம், கேட்டுக்கொண்டு போங்கள். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து முதல் கியரில் மெதுவாக வட்டம் போடுங்கள், லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். சக்கரம் சுற்றும் வேகத்துக்கேற்ப டக் டக் என்று வந்தால் அது வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பியிருக்கும்போதும் ஆக்ஸிலைச் சுற்றவிடும், சக்கரத்துப் பக்க மூட்டு. இடது பக்கம் ஒடிக்கும்போது வந்தால் பெரும்பாலும் வலது சக்கரத்து ஜாயின்ட், வலது பக்கம் ஒடித்தால் இடது. எனக்கு இடது வட்டத்தில்தான் வந்தது. பூட் கிழிந்ததுமே கவனித்திருந்தால் பூட் உறையும் கிரீஸும் மாற்றியதோடு போயிருக்கும். சத்தம் வந்த பிறகு ஜாயின்டே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், புது கிரீஸ் அடைத்துப் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் ரோட்டில் கிழிந்த பூட்டோடு ஓட்டினால் சேறு உள்ளே போய் இன்னும் சீக்கிரம் தேயும்.

நேராகப் போகும்போது வரும் சத்தத்துக்கு வாய்க்கால் கரை ரோடு போதும். சின்னச் சின்னக் குண்டு குழியில் மெதுவாகப் போகும்போது கட கட என்று வந்தால் முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான், அதாவது திருப்பத்தில் வண்டி சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி. கையால் பிடித்து ஆட்டினாலே பல நேரம் தெரிந்துவிடும். எதிரே பஸ் வருகிறதென்று ஒரு சக்கரத்தைத் தாரிலிருந்து மண்ணில் இறக்கும்போது ‘டொக்’ என்று கனமாக ஒன்று கேட்டால் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், அதன் சக்கரத்துப் பக்க முனையில் இருக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட் இரண்டையும் பாருங்கள். பிரேக் போட்டதும் ஒரே ஒரு ‘டொக்’ என்றாலும் புஷ்தான் பெரும்பாலும். பள்ளத்தில் வரும் கடகட சத்தம் பிரேக்கை லேசாக மிதித்ததும் நின்றுவிட்டால் பிரேக் பேடோ, பேடை அழுத்தும் காலிப்பரின் கம்பியோ (பின்) லூசாக இருக்கும். நின்ற வண்டியில் ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரி வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட், அதாவது ஷாக் அப்சார்பரின் மேல் முனையை வண்டியோடு பிடித்திருக்கும் இடம். பானெட்டைத் திறந்து அதன் தலையில் கை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஒடிக்கச் சொன்னால் கையில் அதிரும். ஸ்பிரிங் சுருளுக்குள் மட்டும் விரலை விடாதீர்கள்.

சரி, இப்போது ஜாக்கி. நம் மண் களிமண், ஈரமாக இருந்தால் ஜாக்கி கண்முன்னே புதையும். சிமெண்டுத் தரையிலேயே போடுங்கள், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டீரிங் ராடு. பால் ஜாயின்டில் ஆட்டம் தெரிந்த வண்டியை ஓட்டவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அது கழன்றால் சக்கரம் ஒரு பக்கம் மடங்கிவிடும், கரை ரோட்டில் அந்தப் பக்கம் வாய்க்கால்.

ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு வந்து கிளட்ச் விடும்போது ஒரு ‘டொக்’, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொன்று என்றால் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் அல்லது ஆக்ஸிலின் கியர்பாக்ஸ் பக்கத்து (உள்பக்க) சி.வி. ஜாயின்ட். பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு அரை கிளட்சில் முதல் கியரையும் ரிவர்ஸையும் மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு எதிரே நிற்காதீர்கள். என்ஜின் எம்பி எம்பி விழுந்தால் மவுண்டிங். பொலிரோ, குட்டி யானை மாதிரி பின் சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் இதே சத்தத்துக்கு நடுவில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸைப் பாருங்கள், ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் ஆட்டம் தெரியும்.

பட்டறைக்குப் போகும்போது ‘முன்னாடி சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாமல், ‘இடது பக்கம் ஒடிச்சு ஆக்ஸிலேட்டர் கொடுத்தா வலது சக்கரத்துல டக் டக்னு வருது’ என்று சொல்லுங்கள், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். லோயர் ஆர்மோ ஸ்டீரிங் ராடோ மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி என்றால் 100 கிலோமீட்டருக்குள் நட்டை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். உளுந்தோ வைக்கோலோ பரப்பிய ரோட்டில் ஏறி வந்த நாளில், வண்டி ஆறியதும் ஆக்ஸிலில் சுற்றியதைக் கையோடு அறுத்து எடுத்துவிடுங்கள்.