வீட்டுத் தூசியில் பூஞ்சை: சாம்பிள் எடுப்பதிலிருந்து அறிக்கையைப் படிப்பது வரை

சுவரில் கறுப்பாகப் பூத்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத் தேவையில்லை. ஆய்வகத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் கசிவை அடைக்கக் கொடுங்கள். அது எந்த வகைப் பூஞ்சை என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் செய்யப்போகிற வேலை ஒன்றுதான். வெளியே எதுவும் தெரியவில்லை, ஆனால் ஒரு அறையில் மட்டும் பூசண வாடை போகமாட்டேன் என்கிறது, அங்கே போனாலே மூக்கு அடைக்கிறது என்பவர்களுக்குத்தான் தூசி சோதனை.

எந்தச் சோதனை?

மூடியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, சில நாள் கழித்து என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கும் தட்டு கிட்டை வாங்காதீர்கள். காற்றில் ஸ்போர், அதாவது பூஞ்சையின் நுண்வித்து, இல்லாத வீடே கிடையாது. எந்த வீட்டில் வைத்தாலும் ஏதாவது முளைக்கும், பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். ஆனால் நிஜமாகவே கவலைப்பட வேண்டிய ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சை அந்தத் தட்டில் மற்றவற்றோடு போட்டி போட்டு வளராமலே போகலாம்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் சாம்பிள் பரவாயில்லை ரகம். அது காட்டுவது அந்தச் சில நிமிடக் காற்றை மட்டும்தான். அதே நேரத்தில் வெளிக்காற்றிலும் ஒன்று எடுத்து ஒப்பிடாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தூசி அப்படியல்ல. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விழுந்ததெல்லாம் அதில் தங்கியிருக்கும். அதை பிசிஆர் முறையில் ஆய்வு செய்யக் கொடுங்கள். டிஎன்ஏவை வைத்து எந்த இனம், எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். உயிரோடு இருக்கும் ஸ்போர், செத்த ஸ்போர் இரண்டையுமே எண்ணிவிடும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

தூசிக்கு வயது பாருங்கள்

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகும் படி இது. முடிவைத் தலைகீழாக்குவதும் இதுதான்.

அலமாரி உச்சியிலிருந்து விரல் தடிமனுக்குத் தூசி எடுத்து அனுப்பினால் நிறைய சாம்பிள் கிடைத்த திருப்தி வரும். அந்தத் தூசி எத்தனை வருடத்தியது? உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் காலத்தில் கூரை ஒழுகியிருந்தால் அந்தக் கதையும் அதற்குள் இருக்கும். கசிவை அடைத்து, சுவர் காய்ந்து எத்தனையோ நாளான பிறகும் அறிக்கை உங்களைப் பயமுறுத்தும். எதிர்த்திசையிலும் ஏமாறலாம். அண்மையில் சுவரைத் தேய்த்து வண்ணம் பூசியிருந்தால், சிமென்ட் பொடியும் பட்டிப் பொடியும் தூசியோடு கலந்திருக்கும். முடிவு 'ஒரு மில்லிகிராம் தூசிக்கு இத்தனை' என்றுதான் வரும். பொடி கூடினால் பூஞ்சையின் பங்கு குறைந்து, ஓதம் ஏறிய வீடும் நல்ல வீடுபோலத் தெரியும்.

அதனால் வயது தெரிந்த தூசியை எடுங்கள். சாம்பிள் எடுக்கப்போகும் பரப்புகளை ஒருமுறை சுத்தமாகத் துடைத்து, தேதியைக் குறித்துக்கொண்டு, ஒன்றிரண்டு மாதம் தொடாமல் விடுங்கள். அதன்பின் படிந்தது மட்டும்தான் இன்றைய வீட்டின் நிலையைச் சொல்லும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள், கடைசியாக எப்போது துடைத்தோம் என்று தெரிந்த இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எங்கே துடைப்பது

கதவு நிலையின் மேல்விளிம்பு, புத்தக அடுக்கு, பீரோ உச்சி, படச்சட்டத்தின் மேல்பகுதி எல்லாம் நல்ல இடங்கள். ஜன்னல் திண்டும் வாசலையொட்டிய இடமும் வேண்டாம், அங்கே இருப்பது வெளித்தூசி. சமையலறைப் பிசுக்குத் தூசியும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைமேல் துணியை வைக்கவே கூடாது. அந்த ஒரு தொடுகையே மொத்த முடிவையும் விழுங்கிவிடும்.

இந்தத் தூசி சோதனைக்கு முதலில் வகுத்த முறையில் தரையிலிருந்து வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவார்கள்: கூடத்தில் இரண்டு சதுர மீட்டர், படுக்கையறையில் இரண்டு சதுர மீட்டர், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். என் ஓட்டு ஸ்விஃபர் போன்ற உலர்துணிக்குத்தான். கம்பளம் விரிக்காத தரையில் வேக்குவத்தில் போதிய தூசி சேராது. செருப்பு மண்ணும் அதோடு வந்துவிடும். துணி வாசனை போட்டதாகவோ ஈரத்துணியாகவோ இருக்கக் கூடாது. கையுறை போட்டுத் துடையுங்கள். துணி சாம்பல் நிறத்துக்கு வந்ததும் அழுக்குப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து ஜிப் பையில் போட்டுவிடுங்கள்.

வீடு முழுக்கத் துடைத்து ஒரே பையில் போடச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் இருந்தால் இரண்டு சாம்பிள் அனுப்புங்கள்: சந்தேகப்படும் அறைக்கு ஒன்று, எந்தத் தொந்தரவும் இல்லாத அறைக்கு ஒன்று. உங்கள் வீட்டுக்கு உங்கள் வீட்டையே அளவுகோலாக வைப்பதைவிட நல்ல ஒப்பீடு கிடையாது.

அறிக்கை வந்ததும்

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'எர்மி' மதிப்பெண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உடனே வீடு மாறக் கிளம்பாதீர்கள்.

எர்மி என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய குறியீடு. மொத்தம் 36 இனங்கள். ஈரம்பட்ட வீடுகளில் மிகுந்து காணப்படும் 26 முதல் பிரிவு, எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய, பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் 10 இரண்டாம் பிரிவு. ஒவ்வொரு இனத்தின் எண்ணிக்கைக்கும் லாக் எடுப்பார்கள். 10 என்றால் 1, 100 என்றால் 2, 1,000 என்றால் 3. முதல் பிரிவின் கூட்டுத்தொகையிலிருந்து இரண்டாம் பிரிவின் கூட்டுத்தொகையைக் கழித்தால் மதிப்பெண். அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு 1,096 வீடுகளில் எடுத்த தூசியை வைத்து, ஏறத்தாழ -10 முதல் 20 வரை இந்த அளவுகோலை அமைத்தார்கள். 5க்கு மேல் போனால் அந்த வீடுகளில் பூஞ்சை அதிகமான கால்பங்குக்குள் வருகிறது என்று பொருள். வேறு தட்பவெப்பத்தில், வேறு கட்டுமானத்தில் இருக்கும் வீட்டை இந்த வரிசையில் நிறுத்துவது எவ்வளவு சரி என்று நீங்களே யோசியுங்கள்.

சிக்கல் அந்தக் கழித்தலில்தான். ஒரு வீட்டில் முதல் பிரிவு 22, இரண்டாம் பிரிவு 20. மதிப்பெண் 2. இன்னொரு வீட்டில் 8, 2. மதிப்பெண் 6. ஈரப்பூஞ்சை எக்கச்சக்கமாக உள்ள முதல் வீடு தேறிவிட்டது, ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் இரண்டாவது வீடு மாட்டிக்கொண்டது! இது ஆராய்ச்சிக்கான கருவி, வழக்கமான வீட்டுச் சோதனைக்குச் சரிபார்க்கப்பட்டதல்ல என்று அந்த முகமையே சொல்கிறது. 2013இல் அதன் தணிக்கைப் பிரிவும் இதையேதான் எச்சரித்தது.

'ஹெர்ட்ஸ்மி-2' என்று இன்னொரு மதிப்பெண்ணும் இருக்கலாம். அமெரிக்க மருத்துவர் ரிச்சி ஷூமேக்கர் தம் நோயாளிகளுக்காக வகுத்தது. ஐந்தே இனங்கள், ஒவ்வொன்றுக்கும் அளவைப் பொறுத்து 4, 6 அல்லது 10 புள்ளி. அவற்றைக் கூட்டினால் மதிப்பெண். 10க்குள் நல்லது, 11 முதல் 15 வரை இரண்டுங்கெட்டான், அதற்கு மேல் ஆகாது. கழித்தல் இல்லாததால் எனக்கு இது பிடிக்கும். ஆனாலும் இது ஆரோக்கியத்துக்கான எல்லைக்கோடு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில்கூட, 'இத்தனை ஸ்போர் வரை பாதுகாப்பு' என்று எந்த எண்ணும் கிடையாது. ஈரத்தையும் பூஞ்சையையும் தடுங்கள், வந்தால் அகற்றுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

பெயர்களைப் படியுங்கள்

மதிப்பெண்ணை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்துப் பட்டியலுக்குப் போங்கள். ஒவ்வொரு பூஞ்சைக்கும் தேவைப்படும் ஈரத்தின் அளவு வேறு. அதனால் எது கூடியிருக்கிறது என்பதே வீட்டில் எந்த மாதிரித் தண்ணீர்ப் பிரச்சினை என்று காட்டிக்கொடுக்கும்.

வாலேமியா செபி, ஆஸ்பெர்ஜில்லஸ் பெனிசிலியாய்டிஸ், யூரோட்டியம் மூன்றும் குறைந்த ஈரத்திலேயே பிழைப்பவை. இவை மட்டும் கூடியிருந்தால் குழாய் உடைப்பைத் தேடாதீர்கள். காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து அதிகமாக இருக்கிறது, துணிமணியிலும் மெத்தையிலும் ஈரம் தங்குகிறது என்று கொள்ளுங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் வெர்சிகலர் இடைப்பட்ட ரகம். கீட்டோமியம் குளோபோசம், ஸ்டாக்கிபாட்ரிஸ் சார்டாரம் இரண்டுக்கும் நன்றாக ஊறிய அட்டை, காகிதம், மரப்பலகை போன்றவை வேண்டும். இவை கணிசமாக இருந்தால் எங்கோ ஏதோ நனைந்திருக்கிறது. ஸ்டாக்கிபாட்ரிஸ் ஸ்போர் பிசுபிசுப்பானது, எளிதில் பறக்காது. அதனால் அதன் எண் சிறியதாக இருந்தாலும் அசட்டையாக விடவேண்டாம்.

கிளாடோஸ்போரியம் கிளாடோஸ்போரியாய்டிஸ், ஆல்டர்னேரியா ஆயிரக்கணக்கில் இருந்தால்? பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. என் அறிக்கையில் மிகப்பெரிய எண் கிளாடோஸ்போரியத்துக்குத்தான். அதைத் தாண்டிப் போனேன். கவனிக்க வேண்டியிருந்தது இரண்டு இலக்கத்தில் இருந்த கீட்டோமியம். அடுத்த அறைச் சாம்பிளில் அது இல்லவே இல்லை.

இனித் தண்ணீரைத் தேடுங்கள்

ஊசி வைத்த ஈரமானி ஒன்று போதும். சுவரில் அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ந்த சுவரில் ஒரு தடவை, சந்தேகச் சுவரில் ஒரு தடவை குத்தி வித்தியாசத்தைப் பாருங்கள். குளியலறைக்கு மறுபக்கச் சுவர், ஜன்னலுக்குக் கீழ்ச்சுவர், ஏசி தண்ணீர்க்குழாய் போகும் வழி, பீரோக்களின் முதுகு என்று வரிசையாகப் போங்கள். என் வீட்டில் குளியலறைச் சுவரில் ஒட்டி நின்ற அலமாரியை நகர்த்தியதும் விஷயம் புரிந்துவிட்டது. முன்பக்கம் பளபளவென்று இருந்த பலகையின் முதுகு கீழிருந்து முழங்கால் உயரத்துக்கு உப்பி, மிளகைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. சுவர் வண்ணம் கொப்புளித்து, விரல் பட்டதும் உதிர்ந்தது.

அறை ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குள் வையுங்கள், 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. மலிவான ஈரப்பதமானியை நம்பும் முன் சோதித்துவிடுங்கள். ஒரு மூடியில் உப்பைச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஒரு நாள் வைத்தால் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். கூடக் காட்டினால் அந்த வித்தியாசத்தைக் கழித்தும், குறையக் காட்டினால் கூட்டியும் படியுங்கள்.

பின்சேர்க்கை: கசிவைச் சரிசெய்து, பூஞ்சைக்கொல்லி அடித்த பிறகும் மறுசோதனையில் எண் குறையவில்லை என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். செத்த ஸ்போரையும் பிசிஆர் எண்ணும் என்று மேலே சொன்னேனே, காரணம் அதுதான். கொல்வது போதாது, அகற்ற வேண்டும். ஊறிய பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்தால் உறிஞ்சி, எல்லாப் பரப்பையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அதன்பின் படியும் புதுத் தூசியைத்தான் மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று: ஜிப் பைக்குள் நீர்முத்து கோத்திருந்தால் அதை அனுப்பாதீர்கள். துணி ஈரமாக இருந்தால் பைக்குள்ளேயே பூஞ்சை வளர ஆரம்பித்துவிடும். புதுத் துணியில் மறுபடி எடுங்கள்.