விலை கூடின 'மொட்' அம்ப்: காசு குடுக்க முன்னம்

கனடாவில இருக்கிற சொந்தக்காரர் "அம்ப் ஒண்டு அனுப்பட்டோ" எண்டு கேட்டால், எங்கட பெடியள் முதல்ல காட்டுறது பெண்டர் '65 டீலக்ஸ் ரிவேர்ப் ரீஇஷ்யூவைத்தான், பெண்டர் கொம்பனி தன்ர பழைய கிற்றார் அம்பைத் திருப்பிச் செய்து விக்கிறது. அதிலயும் ஆரோ உள்ளுக்க கை வைச்சு மாத்தி, 'மொட்' எண்டு விலையைக் கூட்டி விக்கிறதை. கிளிநொச்சியில சவுண்ட் சாமான் திருத்துறவன் நான். முதல் வேலை இதுதான்: என்னத்தை மாத்தினது எண்டு ஒண்டொண்டாய் எழுதி வாங்குங்கோ. "முழுக்க மொட் பண்ணினது" எண்டு மட்டும் சொன்னால் அந்தக் கதையை விடுங்கோ.

பிறகு ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில பாகத்தின்ர விலையை எழுதுங்கோ. வைப்ராட்டோ சனலில (கிற்றார் குத்துற இரண்டு வழியில ஒண்டு) வொலியூம் பொட்டோட, அதாவது சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகோட, 47 பிக்கோஃபராட் குட்டிக் கப்பாசிற்றர் ஒண்டு இருக்கு. சத்தத்தைக் குறைச்சு வைக்கேக்க ட்ரெபிள் காதைக் குத்துறது அதாலதான். ஒரு காலை வெட்டிவிட்டாலே போதும். இதுக்குப் பெரிய காசு கேக்கிறவனுக்கு நல்ல துணிவு! வால்வு, அதாவது சத்தத்தைப் பெருக்கிற கண்ணாடிக் குழாய், மாத்தினதுக்கும் கனக்கக் குடுக்காதேங்கோ. வால்வு தேயிற சாமான், எப்பவோ ஒருநாள் நீங்களும் மாத்தத்தான் போறியள்.

ஸ்பீக்கர் அப்பிடியில்லை. அதே வலுவுக்கு 3 டெசிபல் கூடச் சத்தம் தாற ஸ்பீக்கர் போட்டால், அம்பின்ர வலுவை இரட்டிப்பாக்கின மாதிரிச் சத்தம் வரும். 22 வாட் அம்புக்கு இது சின்ன விசயமில்லை. ஆனால் 8 ஓம் ஸ்பீக்கரை நாங்களே வாங்கி, நாலு நட்டைக் கழட்டிப் பூட்டலாம்.

உண்மையாக் காசு பெறுமதியானது ட்ரான்ஸ்போமரும், பிரிண்டட் சேர்க்கிட் போர்ட்டை எடுத்துப்போட்டு கையால வயர் பண்ணின வேலையும். 1963இல வந்த பழைய டீலக்ஸ் ரிவேர்ப் கையால வயர் பண்ணினது. சத்தத்தை விட, திருத்த லேசு எண்டதுதான் எனக்கு முக்கியம்.

இனி கரண்ட். கனடா அம்ப் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இஞ்ச 230, 50. ஸ்டெப் டவுன் போட்டால் வோல்ற் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. 60க்கெண்டே செய்த ட்ரான்ஸ்போமர் 50இல கூடுதலாச் சூடாகும். பின்பக்கத்தில 230 எண்டு எழுதியிருக்கிறதையே எடுங்கோ. பின்னேரத்தில 200க்கு இறங்கிற ஊரெண்டால், 6.3 வோல்ற் வேண்டிய வால்வு இழைக்கு ஐந்தரைதான் போகும். நல்ல ஸ்டெபிலைசர் ஒண்டு எந்த மொட்டையும் விடப் பிரயோசனம். இந்த அம்பில வால்வுகள் தலைகீழாத் தொங்கும், கிரவல் றோட்டில ஓட்டோவில ஏத்தினால் கழருறதும் உண்டு. ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் போய் இறங்கினவுடன தடவிப் பாருங்கோ, சுட முன்னம்!

என்னைக் கேட்டால், சாதா ரீஇஷ்யூவை வாங்கி மிச்சக் காசில ஸ்பீக்கரும் ஸ்டெபிலைசரும் எடுக்கிறதுதான் சரி. ட்ரான்ஸ்போமர் வேலையோ கையால வயர் பண்ணின வேலையோ நடந்ததெண்டால் மட்டும் கூடக் குடுக்கலாம். உள்ளுக்க நீங்களாக் கை வைக்காதேங்கோ. பிளக்கைக் கழட்டின பிறகும் கப்பாசிற்றர்களில 400 வோல்றுக்கு மேல நிக்கலாம், ஆளை முடிச்சுப்போடும்.

காசு போட முன்னம், விக்கிறவரைக் கொண்டு இரண்டு வேலை செய்விச்சு வீடியோ எடுப்பியுங்கோ. அம்பைப் போட்டுவிட்டுப் பென்சிலால வால்வுகளை மெல்லத் தட்ட வேணும். ஸ்பீக்கரில 'டங்' எண்டு பலமாக் கேட்டால் அந்த வால்வு சரியில்லை. பிறகு வொலியூமைப் பூச்சியத்தில வைச்சு இரைச்சல் எவ்வளவு எண்டு காட்ட வேணும். உள்பக்கப் படமும் கேளுங்கோ. அனுப்ப மாட்டன் எண்டால் வேற ஆளைப் பாருங்கோ.