விண்டோஸ் 11 கிளீன் இன்ஸ்டால், ஃபார்மட் பண்ண உக்காருறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து நிறைய பேர் 11க்கு மாறிட்டு இருக்காங்க. இருக்குற ஓஎஸ் மேலயே அப்டேட் பண்ணிக்கலாம்தான், ஆனா நாலஞ்சு வருஷமா ஓடுன சிஸ்டம்னா எப்பவோ போட்ட சாஃப்ட்வேர், டிரைவர், பாதி அழிஞ்ச ஆன்டிவைரஸ்னு பழைய குப்பை எல்லாம் கூடவே வந்துடும். அதனால டிஸ்க்கைக் காலி பண்ணிட்டு புதுசா போடுறதைத்தான் நான் எப்பவும் சொல்லுவேன். கடையில குடுத்தாலும் போட்டுத் தருவாங்க, நல்ல கடைகளும் இருக்கு, ஆனா எந்த ஐஎஸ்ஓ (விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைல்) போட்டாங்க, ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் பண்ற திருட்டு சாஃப்ட்வேர்) ஏதாவது ஓட்டுனாங்களான்னு நமக்குத் தெரியாது, அந்த சிஸ்டத்துலதான் நாளைக்கு பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப் போறோம். இன்ஸ்டால் ஆகுறது அரை மணி நேரம்தான், அதுக்கு முன்னாடி பண்ற வேலைக்குத்தான் ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்கணும்.

முதல்ல சிஸ்டம் தாங்குமான்னு பாருங்க. 64 பிட் புராசஸர்ல இன்டெல்னா 8வது ஜெனரேஷன்ல இருந்து, ஏஎம்டின்னா ரைசன் 2000 சீரிஸ்ல இருந்து (சில மாடல் விட்டுப்போகும்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், யூஇஎஃப்ஐ (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற அடிப்படை சாஃப்ட்வேர், பழைய பயாஸுக்குப் பதிலா வந்தது, பேச்சுல இன்னும் பயாஸ்னுதான் சொல்றோம்), டிபிஎம் 2.0 (பாதுகாப்புக் கீயை வெச்சுக்குற சிப்), இவ்வளவும் வேணும். மைக்ரோசாஃப்டோட பிசி ஹெல்த் செக்னு ஒரு சின்ன ஆப் இருக்கு, அதை ஓட்டுனா அதுவே சொல்லிடும். டெஸ்க்டாப்ல டிபிஎம் இல்லன்னு காட்டுனா உடனே மனசு விட்டுடாதீங்க, பல மதர்போர்டுல அது பயாஸ்ல ஆஃப்ல கிடக்கும், இன்டெல் போர்டுல பிடிடி (PTT), ஏஎம்டி போர்டுல எஃப்டிபிஎம் (fTPM)னு இருக்கும், அதை ஆன் பண்ணா போதும். இன்னும் ஹார்ட் டிஸ்க்லயே ஓடுற சிஸ்டம்னா ஓஎஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுடுங்க, அது இல்லாம எத்தனை தடவை ஃபார்மட் அடிச்சாலும் ரெண்டே மாசத்துல பழையபடி இழுக்க ஆரம்பிச்சுடும்.

இப்ப பேக்கப். "எல்லாத்தையும் டி டிரைவ்ல போட்டுட்டேன், சேஃப்"னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. சி, டி, இ எல்லாம் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கைப் பிரிச்சு வெச்ச துண்டுங்கதான், இன்ஸ்டால் பண்றப்ப ஒரு டெலிட் மாறிப்போனா டி டிரைவும் சேர்ந்தே போயிடும், அதனால வெளிய ஒரு ஹார்ட் டிஸ்க்லதான் காப்பி இருக்கணும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோ இதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஒன்டிரைவ் யூஸ் பண்றவங்க ஃபைல் பக்கத்துல மேகம் மாதிரி ஐகான் இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த ஃபைல் உங்க டிஸ்க்ல இல்ல, ஆன்லைன்லதான் இருக்கு, அக்கவுன்ட் பாஸ்வேர்டு கையில இருக்கணும். குரோம் பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் சிங்க் ஆகுதான்னு போன்ல திறந்து பார்த்து உறுதி பண்ணிக்கோங்க.

மறந்துபோறது வேற சில ஐட்டம். டிடிபி வேலை பண்றவங்கன்னா ஃபான்ட். பாமினில (யூனிகோடுக்கு முந்தின பழைய தமிழ் ஃபான்ட்) அடிச்ச பழைய பத்திரிகை, நோட்டீஸ் ஃபைல் எல்லாம் அந்த ஃபான்ட் இல்லாம திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கன்னாபின்னான்னு தெரியும், ஃபைல் நல்லாத்தான் இருக்கும், ஆனா படிக்க முடியாது. விண்டோஸ் ஃபோல்டர்க்குள்ள இருக்குற ஃபான்ட்ஸை மட்டும் காப்பி பண்ணா பத்தாது, 2018க்கு அப்புறம் வந்த விண்டோஸ்ல ஃபான்ட் மேல டபுள் கிளிக் பண்ணிப் போட்டதெல்லாம் யூசர் ஃபோல்டர்ல ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ்னு உள்ள போய் உக்காந்திருக்கும், ரெண்டு இடத்துலயும் எடுங்க. கடைக் கணக்கு டேலில இருக்குன்னா டேட்டா ஃபோல்டரை எடுக்குறதோட நிக்காம டேலிக்குள்ளயே போய் லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டு அப்புறமா ஃபார்மட் பண்ணுங்க, இல்லன்னா புது விண்டோஸ்ல ஆக்டிவேட் பண்ண அலையணும். ஜிஎஸ்டிக்கு டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்குற யுஎஸ்பி) வெச்சிருக்கவங்க அதோட டிரைவரையும் தனியா எடுத்து வெச்சுக்கோங்க. அவுட்லுக்ல பிஎஸ்டி ஃபைல் (மெயில் எல்லாம் சேமிச்சிருக்குற ஃபைல்) இருந்தா அதுவும்.

அடுத்து லைசென்ஸ். செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய் (விண்டோஸ் 10ல அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள்ள, 11ல சிஸ்டத்துக்குள்ள இருக்கும்) எந்த எடிஷன்னு குறிச்சு வைங்க. நம்ம ஊர்ல வாங்குற லேப்டாப்ல பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்தான் வரும், அதுக்கான கீ மதர்போர்டுலயே பதிஞ்சிருக்கும், இன்ஸ்டால் பண்றப்ப அதுவே படிச்சு சரியான எடிஷனை எடுத்துக்கும். ஏற்கனவே ஒழுங்கா ஆக்டிவேட் ஆகி இருந்த சிஸ்டம்னா அதே எடிஷனைத் திரும்பப் போட்டாலே நெட் கனெக்ட் ஆனதும் தானா ஆக்டிவேட் ஆயிடும், காசு குடுத்து கீ வாங்க வேண்டாம். ஹோம் லைசென்ஸ் வெச்சுக்கிட்டு ப்ரோவைப் போட்டா ஆகாது. லேப்டாப்போட வந்த ஆஃபீஸ் எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல ஏத்துனீங்களோ அதுலதான் இருக்கும், அந்த மெயில் ஐடி எதுன்னு இப்பவே கண்டுபிடிச்சு வைங்க.

டிஸ்க் பிட்லாக்கர்ல (டிஸ்க்ல இருக்குறதை என்க்ரிப்ட் பண்ணிப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) பூட்டி இருந்தா அதோட ரெகவரி கீயும் எடுத்துக்கோங்க, 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி டிவைஸஸ் பக்கத்துல பார்த்தா கிடைக்கும். பயாஸ்ல ஏதாவது மாத்துனா பழைய விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்டு நிக்கும், டி டிரைவை அழிக்காம வெச்சுக்கப் போறவங்களுக்கு புது விண்டோஸ்ல இருந்து அதைத் திறக்கவும் இதே கீதான் வேணும்.

பென்டிரைவ் குறைஞ்சது 8 ஜிபி, அதுல இருக்குறது எல்லாம் அழிஞ்சுடும். மைக்ரோசாஃப்ட் சைட்ல மீடியா கிரியேஷன் டூல்னு இருக்கும், அதை இறக்கி ஓட்டுனா அதுவே விண்டோஸை டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல ஏத்திடும், நெட் ஸ்லோவா இருந்தா ராத்திரி போட்டு விட்டுடுங்க. டெலிகிராம்ல, டொரன்ட்ல வர்ற லைட் விண்டோஸ், கேமிங் விண்டோஸ் எதையும் தொடாதீங்க, உள்ள யாரு என்ன கழட்டுனாங்க, என்ன சேர்த்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதே பென்டிரைவ்ல டிரைவர்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து உங்க மாடலுக்கான வைஃபை டிரைவரையும், இன்டெல் 11வது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ இருந்தா இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரையும் வெச்சுக்கோங்க. இந்த ரெண்டாவது எதுக்குன்னு கீழ சொல்றேன்.

டெஸ்க்டாப்ல ரெண்டு டிஸ்க் இருந்தா, விண்டோஸ் போகப்போற டிஸ்க்கைத் தவிர மத்ததோட கேபிளைக் கழட்டி விட்டுடுங்க. தப்பான டிஸ்க்கை அழிக்க வாய்ப்பே இருக்காது, பூட் ஃபைல் ஒரு டிஸ்க்லயும் விண்டோஸ் இன்னொரு டிஸ்க்லயும் போய் உக்காருற தலைவலியும் வராது. லேப்டாப்னா சார்ஜரை மாட்டிடுங்க, டெஸ்க்டாப்னா யுபிஎஸ் இல்லாம கரன்ட் போற நேரத்துல ஆரம்பிக்காதீங்க.

பென்டிரைவை சொருகி ஆன் பண்ண உடனே பூட் மெனு கீயைத் தட்டிட்டே இருங்க. டெல், லெனோவோன்னா எஃப்12, ஹெச்பின்னா எஃப்9, ஆசுஸ் லேப்டாப்னா எஸ்கேப், எம்எஸ்ஐ போர்டுன்னா எஃப்11, ஜிகாபைட்னா எஃப்12. ஏசர்லயும் எஃப்12தான், ஆனா சில மாடல்ல பயாஸ்க்குள்ள போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் பண்ணாதான் வேலை செய்யும். லிஸ்ட்ல யூஇஎஃப்ஐன்னு முன்னாடி போட்டு பென்டிரைவ் பேர் இருக்குறதைத்தான் எடுக்கணும்.

மொழி, கீபோர்டு எல்லாம் கேட்டுட்டு, ஃபைல், ஆப், செட்டிங்ஸ் எல்லாம் அழியும்னு ஒத்துக்குறீங்களான்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், டிக் போட்டு மேல போங்க. கீ கேட்டா, கீ இல்லன்னு சொல்ற ஆப்ஷனைக் குடுங்க. அப்புறம்தான் முக்கியமான ஸ்கிரீன், எந்த இடத்துல போடணும்னு பார்ட்டிஷன் லிஸ்ட் வரும். இங்க அவசரப்படாதீங்க. பேரை நம்பாம சைஸை வெச்சு அடையாளம் பாருங்க, 512 ஜிபி எஸ்எஸ்டின்னா மொத்தம் 476 ஜிபி சொச்சம்னு காட்டும், அது கம்மியாயிடுச்சுன்னு பயப்பட வேண்டாம், கணக்குப் போடுற முறைதான் வேற. எல்லாத்தையும் பேக்கப் எடுத்துட்டீங்கன்னா அந்த டிஸ்க்ல இருக்குற ஒவ்வொரு பார்ட்டிஷனையும் செலக்ட் பண்ணி டெலிட் குடுத்து, கடைசியா அன்அலொகேட்டட் ஸ்பேஸ்னு ஒரே வரி மிஞ்சும்வரை கொண்டு வாங்க, அதை செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுத்தா போதும், 100 எம்பி பூட் பார்ட்டிஷன், ரெகவரி பார்ட்டிஷன் எல்லாம் அதுவே உருவாக்கிக்கும். டி டிரைவை வெச்சுக்கணும்னா அதை மட்டும் தொடாம விட்டுட்டு மத்ததை அழிங்க.

லிஸ்ட்ல டிஸ்க்கே காட்டலன்னா எஸ்எஸ்டி போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. புது இன்டெல் லேப்டாப்ல விஎம்டின்னு ஒரு கன்ட்ரோலர் ஆன்ல இருக்கும், அதுக்கான டிரைவர் இன்ஸ்டாலர்ல இல்லன்னா டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. லோட் டிரைவர் குடுத்து பென்டிரைவ்ல வெச்ச ராபிட் ஸ்டோரேஜ் ஃபோல்டரைக் காட்டுங்க, எக்ஸ்ஈயா இருந்தா வேலைக்கு ஆகாது, முன்கூட்டியே பிரிச்சு ஐஎன்எஃப் ஃபைல் வெளிய தெரியுற மாதிரி வெச்சிருக்கணும். இன்னொரு எரர், டிஸ்க் எம்பிஆர்ல இருக்கு, ஜிபிடி வேணும்னு சொல்லும் (டிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற பழைய முறை, புது முறை, அவ்வளவுதான்). மேல சொன்ன மாதிரி மொத்த பார்ட்டிஷனையும் டெலிட் பண்ணியும் அடங்கலன்னா ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அமுக்கி கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க்னு அடிச்சு நம்பர், அப்புறம் கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. கிளீன் அடிச்சா அந்த டிஸ்க்ல டி டிரைவ் உட்பட எதுவும் மிஞ்சாது, அதனால நம்பரை ரெண்டு தடவை பார்த்துட்டு என்டர் தட்டுங்க.

காப்பி ஆகி முதல் தடவை ரீஸ்டார்ட் ஆகுறப்ப திரும்ப அதே செட்டப் ஸ்கிரீனே வந்தா பென்டிரைவைப் பிடுங்கிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. அடுத்து நெட் கேட்கும், வைஃபை லிஸ்ட் காலியா இருந்தா கேபிள்ல போன் கனெக்ட் பண்ணி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, ஆண்ட்ராய்டு போன்ல பெரும்பாலும் உடனே எடுத்துக்கும். பிரைவசி கேள்விகள்ல லொகேஷன் தவிர மத்த எல்லாத்தையும் நான் ஆஃப் பண்ணிடுவேன்.

டெஸ்க்டாப் வந்ததும் சாஃப்ட்வேர் ஏத்த ஓடாதீங்க. விண்டோஸ் அப்டேட்டை ஒண்ணும் மிச்சம் இல்லாத வரைக்கும் ஓட்டி, ஆப்ஷனல் அப்டேட்ஸ்க்குள்ள இருக்குற டிரைவர்களையும் பார்த்துட்டு, டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறி எதுவும் இருக்கான்னு பாருங்க, இருந்தா லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து அந்த டிரைவரை மட்டும் போடுங்க. டிரைவர் அப்டேட்டர்னு விளம்பரம் வர்ற சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், ஆன்டிவைரஸும் தனியா வேண்டாம், விண்டோஸோட வர்ற டிஃபென்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதும். ஃபான்ட், தமிழ் 99 கீபோர்டு, பிரவுசர், டேலி எல்லாம் இதுக்கு அப்புறம்.

24ஹெச்2ல (2024ல வந்த விண்டோஸ் 11 பதிப்பு) இருந்து கிளீன் இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல நுழைஞ்சா, ஹோம் எடிஷன்லகூட, சிஸ்டம் சப்போர்ட் பண்ணா டிவைஸ் என்க்ரிப்ஷன் (இதுவும் பிட்லாக்கர் பூட்டுதான்) கேக்காமலே ஆன் ஆயிடும். இது புது கீ, பழைய 48 இலக்கம் இதுக்கு ஆகாது. செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள பார்த்து ஆன்ல இருந்தா அக்கவுன்ட்ல போய் புது கீயை எடுத்து நோட்ல எழுதி வைங்க. கழட்டி வெச்ச டிஸ்க் கேபிளை சிஸ்டத்தை முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு மாட்டுங்க, பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஒரு மாசம் அழிக்காம அப்படியே விடுங்க, ஏதோ ஒரு ஃபைல் வேணும்னு கட்டாயம் தேடுவீங்க.