லண்டனில் இருந்து ஹட்டனுக்கு: தன்னார்வப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகள்

மே மாதம் பிறந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வரத் தொடங்கிவிடும். லண்டன், டொரன்டோ, ஒஸ்லோ, இப்போது கோயம்புத்தூரில் இருந்தும். "அண்ணா, யூனிவர்சிட்டி லீவில் மலையகத்தில் நின்று ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறோம். ஒரு ஸ்கூலோடு தொடர்பு எடுத்துத் தருவீர்களா?"

நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆள் தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் ஆசிரியர் பற்றாக்குறை இங்கே பழைய கதை. ஆனால் பழைய ஆட்கள் நாங்கள் செய்து முடித்த அதே பிழைகளைப் புது முகங்கள் வருடா வருடம் முதலில் இருந்து தொடங்குவதைப் பார்க்கும்போது, விமானம் ஏறுவதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அதற்காகத்தான் இது.

அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் என்ன பூசுவது, தென்மேற்குப் பருவ மழைக்கு எந்தச் சப்பாத்து என்பதெல்லாம் இதில் இல்லை. முதல் நாள் நனைந்தால் இரண்டாம் நாள் தெரிந்துவிடும்.

ஆகஸ்டில் வந்து இறங்குவது

உங்கள் கோடை விடுமுறையும் எங்கள் தவணை விடுமுறையும் மோதுகிற மாதம் அது. டிக்கெட் எடுத்து, கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி, மறுநாள் காலை பாடசாலை வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். தவணைத் திகதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கல்வி அமைச்சு முன்கூட்டியே அறிவிக்கும். அதைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

இன்னொன்று. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்தான் வரும். அதற்கு முந்திய வாரங்களில் அந்த வகுப்புப் பக்கம் போகவே வேண்டாம். பிள்ளையை விடத் தாய்க்கும் டீச்சருக்கும்தான் பரீட்சை என்பது போல வீடும் வகுப்பும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பாட்டும் விளையாட்டுமாக உள்ளே நுழைந்தால் யாரும் வாய் திறந்து போகச் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதிபர் சரி என்றால் எல்லாம் சரி என்று நினைப்பது

அதிபர் சரி என்பார். அவர் ஒருவர் சொன்னால் போதாது. பாடசாலை அரசாங்கத்துடையது; வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பாடசாலைக்குப் போகும் பாதையும் நீங்கள் வகுப்பு வைக்க நினைக்கும் மண்டபமும் தோட்டத்துக்குச் சொந்தமாக இருக்கும். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது முதல் அங்கே மனேஜர் சொல்வதுதான் சட்டம். அவருக்குத் தெரியாமல் கமெராவோடு லயத்துப் பக்கம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள் பக்கம், சுற்றினால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு கேள்வி அதிபருக்குத்தான் வரும்.

விசாவும் அப்படியே. சுற்றுலா விசா சுற்றிப் பார்க்க. சம்பளம் வாங்காமல் வகுப்பில் நின்றாலும் அது வேலை. உங்களை அழைக்கும் அமைப்பு இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் "எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்" என்று சொன்னால் வேறு அமைப்பைப் பாருங்கள்.

ஏற்கனவே யார் படிப்பிக்கிறார் என்று கேட்காமல் இலவச வகுப்பு தொடங்குவது

உண்மையில் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வெளியில் இருந்து பார்க்கிறவருக்குத் தோட்டத்தின் பின்னேரம் வெறுமையாகத் தெரியும். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டுவிட்டது. தாய்மார் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வர நேரமாகும். பிள்ளைகள் லயத்து வாசலில் நிற்கிறார்கள். 'இங்கே ஒரு இங்கிலிஷ் கிளாஸ் வைத்தால் என்ன?' என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அனேகமாக ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு அக்கா இருப்பார். உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் இருந்தோ பல்கலைக்கழகத்தில் இருந்தோ கடிதம் வரும் என்று காத்திருப்பவர். அந்தக் காத்திருப்பு சிலவேளை வருடக் கணக்கில் போகும். அதுவரை பின்னேரங்களில் தோட்டத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் படிப்பிப்பார். அவருடைய வகுப்புக்குப் பெயர்ப் பலகை இருக்காது. அதனால் உங்கள் கண்ணில் படாது.

எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருவர் அப்படித்தான் நடத்தினார். பிள்ளை மடுவம், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம், மூடிய பிறகு அதே கட்டடம். பிளைவூட் பலகைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்த கரும்பலகை. பிள்ளைகள் உரச் சாக்கை மடித்துக் கொண்டுவந்து போட்டு உட்காருவார்கள். கட்டணம் மாதத்துக்குச் சில நூறு ரூபாய், அதுவும் 10ஆம் திகதி சம்பளம் போட்ட பிறகு, கொடுக்க முடிந்தவர்கள் மட்டும். ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டை போட்ட நோட்டு) பெயர், வரவு, யார் கொடுத்தார்கள், யாருக்கு அடுத்த மாதம் என்று நீல மையில் எழுதி வைத்திருப்பார். அந்தக் காசில்தான் ஹட்டனுக்கு பஸ், அவருடைய விண்ணப்பச் செலவு, தம்பியின் கொப்பி எல்லாம்.

ஐரோப்பாவில் இருந்து ஒரு மாணவர் அணி வந்தது. கோயில் மண்டபத்தை எடுத்தார்கள். புரொஜெக்டர், ஸ்டிக்கர், பாட்டு, சாக்லேட். இலவச ஸ்போக்கன் இங்கிலிஷ். பின்னேரம் நாலு மணிக்கு, அதாவது அந்தத் தங்கச்சியின் வகுப்பு நேரத்துக்கே. யாரும் வேண்டும் என்று செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் அந்தத் தங்கச்சி மண்டபத்து வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார், என்ன நடக்கிறது என்று பார்க்க. யாரோ ஒரு பிள்ளையின் அக்கா என்று நினைத்து அவர் கையிலும் ஒரு சாக்லேட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பிறகு இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

பிள்ளைகள் எங்கே போவார்கள்? சாக்லேட் இருக்கும் இடத்துக்குத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாய்மாரையும் குறை சொல்ல முடியாது: ஒன்றுக்குக் காசு, மற்றது இலவசம், அதுவும் வெளிநாட்டு இங்கிலிஷ். சீ.ஆர். கொப்பியில் வரவுக் கோடுகள் வாரத்துக்கு வாரம் குறைந்து, ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டன. அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். அணி கிளம்பும் நாளில் மாலை, வடை, சான்றிதழ், கண்ணீர் எல்லாம் நடந்தது. அந்த நேரம் தங்கச்சி கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பின்னேர வகுப்பு இல்லாத தோட்டமாக அது மாறியது. அந்த வருடம் அங்கிருந்து புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் யாரும் இல்லை. அதற்கு இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

இதில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது எது தெரியுமா? அணியின் அறிக்கை. எத்தனை பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தோம் என்று எண்ணிக்கையும் படமும் போட்டிருந்தார்கள். எண்ணிக்கை சரிதான். அதற்கு முன்பு அந்தப் பிள்ளைகள் பின்னேரத்தில் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு அறிக்கையில் இடமே இல்லை. அடுத்த அணி அந்த அறிக்கையைப் படித்துவிட்டு அதே மாதிரி வந்தது.

சரி, என்ன செய்யலாம்? வந்து இறங்கிய முதல் வாரம் வகுப்பே எடுக்காதீர்கள். அதிபரைக் கேளுங்கள், கோயில் தலைவரைக் கேளுங்கள், லயத்தில் தேத்தண்ணி தரும் அம்மாவைக் கேளுங்கள்: 'இங்கே பிள்ளைகளுக்குப் பின்னேரம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?' பெயர் ஒன்று கட்டாயம் வரும். அவரிடம் போய், உங்கள் வகுப்பில் நாங்கள் எப்படி உதவலாம் என்று கேளுங்கள். பலகைக்கு முன்னால் அவர்தான் நிற்க வேண்டும். நீங்கள் சாக்கில் பிள்ளைகளோடு உட்காருங்கள். தரம் 3 பிள்ளையோடு ஒரு வாசிப்புப் புத்தகத்தை வரி வரியாகப் படியுங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு ஆங்கிலக் கடந்தகால வினாத்தாளைத் திருத்திக் கொடுங்கள். வினாத்தாளைப் போட்டோகொப்பி எடுக்கும் செலவு இங்கே சின்னச் செலவு இல்லை, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்த பிறகு அந்த அக்காவோடு தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். அவருக்கு நேர்முகப் பரீட்சை வரப் போகிறது.

இப்படிச் செய்தவர்களும் உண்டு. லண்டனில் இருந்து வந்த இரண்டு பேர், மருத்துவ மாணவிகள், பொகவந்தலாவ பக்கம் ஒரு அக்காவின் வகுப்பில் துணையாக நின்றார்கள். ஊர் திரும்பிய பிறகும் சனிக்கிழமைகளில் போனில் கூப்பிடுகிறார்கள். இங்கே பின்னேரம் ஐந்து மணி என்றால் கோடையில் அங்கே பகல் பன்னிரண்டரை, இரண்டு பக்கத்துக்கும் வசதி. சிக்னல் கிடைக்காத நாளில் குரல் பதிவு. இவர்களுடைய அறிக்கையில் போடுவதற்குப் பெரிய எண் எதுவும் இருக்காது.

சிறுவர் இல்லம்

வேண்டாம்.

காரணம் கேட்பவர்களுக்காக: இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வறுமை, தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போனது, பாடசாலை தூரம் என்று காரணங்கள் வேறு. பார்க்க வருகிறவர்களின் காசு கூடக் கூட, பிள்ளை வீட்டுக்குத் திரும்பும் வழி குறைகிறது. அவுஸ்திரேலியாவின் 2018ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தபோது அனாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகள் கடத்தப்படுவது அந்த விவாதத்திலேயே இருந்தது. இங்கே இல்லங்கள் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கீழ் வருபவை. வழிப்போக்கராக உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வரும் இடம் இல்லை. ஏதாவது தப்பாகக் கண்ணில் பட்டால் சிறுவர் உதவித் தொலைபேசி எண் 1929க்கு அழையுங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் பரிசு

பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350. நீங்கள் அன்பாகக் கொடுக்கும் டேப்லெட்டின் விலை ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தையே தாண்டலாம். பக்கத்துக் காம்பிராப் பிள்ளை, அதாவது லயத்தில் அடுத்த அறைப் பிள்ளை, தகப்பனிடம் போய் அழும். அந்தத் தகப்பன் அடுத்த நாள் இந்தத் தகப்பனோடு பேச மாட்டார். கொடுக்க விரும்பினால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாகக் கொடுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. சப்பாத்தும் புத்தகப் பையும்தான் பல வீடுகளுக்குப் பாரம்.

எல்லாத் தமிழருக்கும் ஒரே கதை என்று நினைப்பது

புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக் கதையோடு வருவார்கள். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் "நம்ம ஊர் மக்கள்தானே" என்று வருவார்கள். இரண்டு பேரும் முதல் நாளே எங்களுக்கு எங்கள் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவதுதான் பிரச்சினை.

தென்னிந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு இங்கே வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாடற்றவர்களானோம். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணன் கப்பல் ஏற, தம்பி நின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டிய சட்டம் 2003இல்தான் வந்தது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருந்து வருகிற பிள்ளையானால் வீட்டில் பாட்டியிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நீங்கள் வகுப்பெடுக்க வரும் தோட்டத்திலேயே அவர் கொழுந்து பறித்திருக்கலாம்.

சுவருக்குப் பெயின்ட்

ஹட்டனில் பெயின்ட் அடிக்க ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

பிள்ளைகளின் படம்

முகம் தெரியாமல், பாடசாலைப் பெயர் தெரியாமல், தாய் தகப்பனைக் கேட்டு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எடுக்காதீர்கள்.

அடுத்த வருடம் வருவேன் என்று பிள்ளைகளிடம் சொல்வது

சொல்லாதீர்கள். டிக்கெட் எடுத்த பிறகு அதிபரிடமும் அந்த அக்காவிடமும் சொல்லுங்கள், நேர அட்டவணையில் இடம் பார்த்து வைப்பார்கள்.