கொலையாளியின் மனத்தை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி

உண்மைக் குற்ற வழக்கை எழுத உட்காரும் பலர் வாக்குமூலத்தில் தொடங்குகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். பிடிபட்டவன் பேசக் காரணங்கள் உண்டு: தண்டனை குறைய வேண்டும், பெயர் பரவ வேண்டும், விசாரிப்பவரின் தயவு வேண்டும். அமெரிக்காவில் ஹென்றி லீ லூகாஸ் 1980களில் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான். மரண தண்டனை பெற்ற வழக்கிலோ, கொலை நடந்த சமயத்தில் அவன் வேறு மாநிலத்தில் வேலையில் இருந்ததாகப் பதிவேடுகள் சொல்லின. 1998-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

ஆகவே முதல் வேலை காலவரிசை. எக்செலில் ஆறு பத்திகள் போடுங்கள்: தேதி, நேரம், இடம், நடந்தது, ஆவணத்தின் பெயர், பக்க எண். ஏழாவது பத்தியில் ஒரு குறி: நீதிமன்றம் ஏற்றதற்கு ‘ஏ’, ஒரு தரப்பு மட்டும் சொல்வதற்கு ‘த’, உங்கள் ஊகத்துக்கு ‘ஊ’. ‘ஊ’ போட்ட எதையும் உறுதியான வாக்கியமாக எழுதக் கூடாது. எண்ணிக்கைக்கும் இது பொருந்தும். பிரிட்டன் மருத்துவர் ஹெரால்டு ஷிப்மேன் மீது 2000-இல் நிரூபணமானது 15 கொலைகள். பின்னர் வந்த பொது விசாரணையின் முதல் அறிக்கை கண்டறிந்தது 215. இரண்டில் எதை எழுதினாலும் யார் சொன்ன எண் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இறுதி மேல்முறையீட்டுத் தீர்ப்பை முதலில் படியுங்கள். கீழ் நீதிமன்றத்தில் நின்ற சாட்சியம் அங்கே விழுந்திருக்கலாம். அடுத்து விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு, குறுக்கு விசாரணை, பிரேதப் பரிசோதனை அறிக்கை. செய்தித்தாள்கள் கடைசியில்.

இனி மனம். ‘அவனுக்குள் வெறி மூண்டது’ என்பது உங்கள் கற்பனை. மூன்று நாள் முன்பே கயிறு வாங்கினான், அன்று விடுப்பு எடுத்தான், மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனான் என்பவை பதிவில் இருந்தால் அவற்றை அடுத்தடுத்து வைத்தாலே போதும். செயல்முறையையும் தனி முத்திரையையும் குழப்பாதீர்கள். ஜன்னல் வழியே நுழைந்தவன் அனுபவம் கூடியதும் கதவைத் தட்டி நுழையலாம்; அது செயல்முறை, மாறும். குற்றத்தை முடிக்கத் தேவையே இல்லாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது முத்திரை. நீங்கள் நிதானித்து எழுத வேண்டிய இடம் அது.

ஆயத்த வகைப்பாடுகள் ஆபத்தானவை. கொலையாளிகளைத் ‘திட்டமிட்டவர்’, ‘திட்டமற்றவர்’ என்று பிரிக்கும் முறை, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 36 கைதிகளைப் பேட்டி கண்ட ஆய்வால் பரவியது. 2004-இல் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கான்டரின் குழு 100 தொடர் கொலையாளிகளின் வழக்குகளைச் சோதித்தபோது அந்தப் பிரிவுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. ‘சைக்கோ’ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். உளப்பிறழ்வை (சைக்கோபதியை) அளக்கும் ஹேர் பட்டியலில் 20 கூறுகள், மொத்தம் 40 புள்ளிகள். பயிற்சி பெற்றவர் கோப்புகளையும் ஆராய்ந்துதான் மதிப்பிட முடியும். தவிர, இல்லாத குரல் கேட்கும் மனச்சிதைவு நோய் முற்றிலும் வேறு. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. இரண்டையும் கலந்து எழுதினால் அவர்களுக்குத்தான் கேடு. மனநிலை பிறழ்ந்தவர் என்று சட்டம் ஏற்பதற்கோ தனி அளவுகோல். இங்கிலாந்தில் 1843-இல் வந்த மெக்னாட்டன் விதி கேட்பது இதுதான்: செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத மனநோய் இருந்ததா?

சிறையில் பேட்டி கிடைத்தால் ‘ஏன் செய்தாய்?’ என்று தொடங்காதீர்கள். ஒத்திகை பார்த்த பதில்தான் வரும். அன்று காலை எழுந்தது முதல் மணி மணியாகக் கேளுங்கள். பிறகு மாலையிலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள். சொன்னதைக் காலவரிசையோடு ஒப்பிட்டு, முரண்படும் இடங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பேட்டிக்கான கேள்விகள் அவைதாம்.

இறந்தவரைப் பிணமாக அறிமுகப்படுத்தாதீர்கள். அவர் செய்த வேலை, பாதியில் நின்றுபோன காரியம் ஆகியவை முதல் இரண்டு பக்கங்களுக்குள் வரட்டும். நஞ்சின் அளவு போன்ற, பார்த்துச் செய்யக்கூடிய விவரங்களை நீக்குங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடப் பல நாடுகளில் தடை உண்டு. பெயரை மறைத்துவிட்டு ஊரையும் பள்ளியையும் சொன்னாலும் அடையாளம் தெரிந்துவிடும். உங்கள் எழுத்து வெளியாகும் தேதியைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.